அருவியில் விழுந்த ஆட்டுக்குட்டி

பலாச்சுளையின் வாசம் விரலில் ஏறிவிட்டால் சோப்புக்கெல்லாம் மசியாது. சாரல் காலம் முழுக்க எங்கள் பாடப்புத்தகங்கள்கூட அந்த வாசத்தோடுதான் கிடந்தன. ஐந்தருவிக்குப் போகும் பாதையில் அம்மா பழக்கடை போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பி இசக்கியும் பையோடு நேரே அங்கேதான் போய் நிற்போம். ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு போகிறவர்களை மடக்கி, “அண்ணாச்சி, வாங்காண்டாம், ருசி மட்டும் பாருங்க” என்று அம்மா நகத்தளவு ஒரு துண்டை நீட்டுவாள். அதற்கு எங்கள் வீட்டில் ‘ருசித்துண்டு’ என்று பெயர். அதைத் தின்றுவிட்டு வாங்காமல் போனவர்கள் மகா கல்நெஞ்சக்காரர்கள்.

இசக்கிக்கு அப்போது ஐந்து வயது. டிவியில் தமிழ் பேசி வந்த ஒரு கார்ட்டூன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் வரும் காது மடங்கிய ஆட்டுக்குட்டியைக் கூடப்பிறந்ததாகவே வரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் பாகத்தின் டீசர் வந்தது. குட்டி மலையுச்சியில் நிற்கிறது. மூக்கில் வந்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து மாறுகண்ணாக விழிக்கிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போதே கால் வழுக்கி அருவியோடு போய்விடுகிறது. திரை கறுப்பாகி, ‘விரைவில்’ என்று ஒரு சொல் வரும். அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்தருவியில் குளிக்க மாட்டேன் என்று இசக்கி ஒரே அடம். “யக்கா, குட்டி உள்ளதான் கெடக்கு. எல்லாரும் அத மிதிக்காவ” என்றான். அருவி என்றால் அவனுக்குத் தெரிந்தது இது ஒன்றுதானே, வேறு எங்கே விழுந்திருக்கும்? எல்லாம் தெரிந்த ஆறாம் வகுப்புக்காரி நான். ஆனாலும் பாறை இடுக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கடைக்குப் பின்னால் நின்ற பலாமரத்தடியில் இலை பொறுக்கி, அருவித் தண்ணீர் ஓடிவரும் பாறை ஓரத்தில் வைக்க ஆரம்பித்தான். ஆட்டுக்குப் பலா இலை என்றால் உயிர் என்பது ஊரறிந்த விஷயம். வைத்த இலையைத் தண்ணீர் கொண்டுபோய்விடும், அவன், “தின்னுட்டு! தின்னுட்டு!” என்று குதிப்பான். உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போதாக்குறைக்குப் பக்கத்துக் கடைப் பிள்ளைகளும் இலையோடு வந்து சேர்ந்துகொள்ள, குட்டிக்கு அந்த வாரம் நல்ல விருந்து. அது உள்ளே எங்கே படுக்கும், குளிருக்கு என்ன போர்த்தும் என்று ஆளுக்கொரு கதை சொன்னோம். அவ்வளவு சந்தோஷமான மழைக்காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு நின்றார். இலையோடு போன இசக்கியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “பட்டினி கெடக்குமே, செத்துப்போயிருமே” என்று கடை வாசலில் புரண்டு அழுதான்.

அம்மா கத்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏலே, இங்கன பாரு. நான் ருசித்துண்டு குடுக்கேம்லா, மிச்சப் பழம் எங்க இருக்கும்?”

“கூடையில.”

“படக்காரன் காட்டுனதும் ருசித்துண்டுதாம்ல. மிச்சக் கதை அவன் கூடையில பத்திரமா இருக்கு. செத்த ஆட்டை வச்சு எவனாவது யாவாரம் பண்ணுவானா?”

இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். வியாபாரி வீட்டுப் பிள்ளை, நியாயம் உடனே பிடிபட்டது. பின்னாளில் எத்தனையோ டீசர்கள் பார்த்துவிட்டேன். பழகிய முகத்தைக் காட்டி, ஒரு சிரிப்பைக் கொடுத்து, நாக்கில் ருசி ஏறும் நேரத்தில் கையை இழுத்துக்கொள்ளும் அந்த வித்தையை அம்மாவைப்போல் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறு வருஷம் படம் வந்தது. தென்காசித் தியேட்டரில் குட்டி அருவியில் விழுந்து, மரக்கட்டையைப் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் கரையேறிவிட்டது. இசக்கி நாற்காலிமேல் ஏறி நின்று, “பலா இலையக் காட்டவே இல்லயே!” என்று கத்த, தியேட்டரே சிரித்தது. எங்கள் இரண்டாம் பாகம்தான் நல்ல படம் என்று இன்றுவரை அவன் கட்சி; நானும் அதே கட்சிதான்.

இப்போது அம்மா கடையை விட்டுவிட்டாள். ஐந்தருவிப் பாதையில் நான் பார்க்கிற கடைகளில் பழத்தை டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள்; ருசித்துண்டு நீட்ட ஆளில்லை. போன மாதம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் என் மகள் போனில் ஒரு டீசர் பார்த்தாள். ஒரு வாத்துக்குஞ்சு கிணற்றில் விழ, திரை கறுத்தது. கறுத்த மறுகணமே வேறேதோ வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. குஞ்சு என்ன ஆனது என்று கேட்கக்கூட அவளுக்கு அவகாசம் இல்லை. பக்கத்தில் இருந்த இசக்கி போனை வாங்கி அணைத்தான்.

“மாமா, போனத் தாங்க!”

“தாரேன். அந்தக் குஞ்சு உள்ள என்ன செய்யும், சொல்லு பாப்போம்?”

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மெல்ல முகம் மாறியது. “அதுக்குப் பசிக்குமே மாமா?”

மறுநாள் காலையில் பார்க்கிறேன், எங்கள் கிணற்று வலைமேல் ஒரு பிடி பொரி. சுவரோரம் ஒளிந்து நின்று, குஞ்சு சாப்பிட வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர். அதில் ஒருவனுக்கு மீசை இருந்தது.