அம்மா சொன்ன கடல் வார்த்தைகள்

யோலெத்தின் கைகள் அளவுகோலை ஒரு வரிக்குக் கீழே வைத்தன. அந்த வரியைப் படித்து முடித்ததும் அடுத்ததற்கு இறக்கின. கடற்காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு பச்சை வாழைக்காய். மத்தியானம் அவைதான் சாப்பாடு.

நூற்றுப் பதினோராம் பக்கத்தில் கைகள் நின்றன. அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது.

யோலெத் ப்ரெவிலோன், முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவின் துறைமுகமான காப் ஆய்சியன் நகரில் பள்ளி ஆசிரியை. பிரெஞ்சு மொழியில் மேல்படிப்பு வகுப்புகளை எப்போதோ முடித்துவிட்டாள். ஆய்வேடு மட்டும் கொடுக்கவில்லை. அவளைப் போல ஆய்வேட்டைக் கட்டி அழுதுகொண்டு பாதியில் நிற்கிறவர்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. இந்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அவள் பெயரைப் பல்கலைக்கழகப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பழைய பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் சொன்ன வார்த்தைகள் இங்கே ஊர்ப் பேச்சான கிரியோலில் எப்படி வாழ்கின்றன என்பதுதான் ஆய்வு. எல்லோர் பேச்சிலும் அதில் கொஞ்சம் இருக்கும். பிரெஞ்சே தெரியாத அவள் அம்மாவின் வாயில் மட்டும், அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லாத வார்த்தைகள் கிடந்தன. ஆட்டை இழுத்துக் கட்டினாலும் சரி, துணிக்கொடியை இறுக்கினாலும் சரி, அம்மாவுக்கு எல்லாம் பாய்மரப் பேச்சுதான்.

"உங்கள் அம்மா சமவெளிக்காரர். கடல் வார்த்தைகளை எங்கே கேட்டார்? அது தெரியாமல் இந்த அத்தியாயம் நிற்காது" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"ஏதாவது ஒரு கடற்கரைப் பேரப் போட்டுத் தொலைடி, யாரு போய்ப் பாக்கப்போறா" என்றாள் கூடப் படித்தவள். யோலெத்தால் முடியவில்லை. பேனா அந்தக் காலி இடத்துக்கு மேலே போய்ப் போய்த் திரும்பியது.

அவள் பிறப்பதற்கு முன்னால் அம்மா எங்கிருந்தாள் என்று தெரிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம். அண்ணன் ஒதிலோன், சிலி நாட்டில். அம்மாவின் சாவுக்குப் பிறகு அவன் அவளோடு பேசுவதில்லை.

அம்மா செத்த அன்றிரவு, ஊர் வழக்கப்படி, முற்றம் முழுக்க ஜனம். இஞ்சித் தேநீர், டோமினோ ஆட்டம், செத்தவளைப் பற்றிய சிரிப்புக் கதைகள். யோலெத் எழுந்து பிரெஞ்சில் பேசினாள். தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதை அம்மாவுக்குக் கொடுப்பதாகத்தான் நினைத்தாள். டோமினோக் கட்டைகளின் சத்தம் நின்றது.

"அம்மாவுக்குப் புரியாத பாஷையில அம்மாவ அனுப்பி வைக்கிறியா? யாருக்குடி காட்டுற?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வெளியே போனான்.

அதிலிருந்து வீட்டில் அவள் பிரெஞ்சு பேசத் தேநீர்க் கெண்டி மட்டும்தான் இருந்தது. தெருவில் கிரியோலில் பேசினாலும், பெரிய மனுஷி நமக்காக இறங்கி வருகிறாள் என்று பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை போனில் அண்ணனுக்குக் கிரியோலிலேயே பேசி அனுப்பினாள். "அண்ணா, அம்மா கடல் பக்கம் எப்பவாவது இருந்தாளா? உனக்குத்தான் தெரியும்."

புதன், பதில் இல்லை. வியாழன், வாசலில் பலகாரம் பொரிக்கிற செலியாந்த் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா டீச்சர், இன்னுமா அந்தப் புஸ்தகம் வேகல? என் எண்ணெய்ச் சட்டியில போடு, நொடியில எடுத்துடலாம்."

"நாளைக்குக் குடுக்கணும்க்கா."

"அப்புறம் வாத்தியாருங்க முன்னாடி நின்னு பேசுவீங்களே, அதுக்கு சொந்தபந்தமெல்லாம் பூவோட வருமே. உனக்கு யாரு வர்றா?"

யோலெத் வாழைக்காயை நகர்த்தி வைத்தாள்.

"நான் வரட்டுமா? தூங்கிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை போன் அதிர்ந்தது: அண்ணன் பேசி அனுப்பிய பதில். பின்னணியில் லாரிச் சத்தம். அதற்கு மேலே அண்ணன் குரல், முன்பைவிடக் கரகரப்பாக.

"ஏய் பாரிஸ்காரி. இத்தன படிச்சும் இது தெரியலையா? என்னை வயித்துல வெச்சுக்கிட்டு லிமோனாத் கடற்கரையில வலை இழுத்தா. எனக்கு ஏழு வயசு வரைக்கும் அங்கதான் இருந்தோம். படகோட்டி கத்துறதையெல்லாம் திருப்பிக் கத்துவா, அவனுக்கே சிரிப்பு வந்துடும். நீ நம்ம பாஷையில கேட்டியேன்னு சொல்றேன். அவ்ளோதான்."

வருகிறேன் என்றோ, நன்றாக இருக்கிறாயா என்றோ சொல்லவில்லை. அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், அந்த லாரிச் சத்தம் உட்பட. பிறகு மூன்று பிரதிகளிலும் காலி இடத்தில் கறுப்பு மையால் எழுதினாள்: லிமோனாத் கடற்கரை. அடிக்குறிப்பில், 'சொன்னவர்: ஒதிலோன் ப்ரெவிலோன், மூத்த மகன்.'

அலுவலகத்தில் செயலாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கையால் எழுதியிருக்கிறதே, மாத்மோசெல்?"

"இன்று காலைதான் தெரிந்தது, மெஸ்யூ."

"சரி. ஆய்வேட்டு விவாதத்துக்கு உங்கள் ஆட்கள் எத்தனை பேர்? நாற்காலி போடச் சொல்ல வேண்டும்."

இந்தக் கேள்விக்குப் பயந்தே பல வருஷங்களைத் தள்ளியிருக்கிறாள்.

"இரண்டு" என்றாள். "ஒருவர் தூங்கிவிடுவார்."

"மற்றவர்?"

"அநேகமாக வரமாட்டார். நாற்காலி இருக்கட்டும்."

அவர் எழுதிக்கொண்டு கையை நீட்டினார். யோலெத் மூன்று பிரதிகளையும் விளிம்பு தட்டிச் சரிசெய்து அவர் கையில் கொடுத்தாள்.