அலசும் தட்டில் அத்தையின் முகம்

திண்டிவனத்தில் நான் மருமகளாகப் போன வீட்டின் குளியலறை வாசலில் ஒரு கறுப்புப் போர்வை தொங்கும். பணி ஓய்வுக்குப் பிறகு மாமனார் குளியலறையை ஃபோட்டோ கழுவும் இருட்டறையாக்கியிருந்தார். ஞாயிறு காலை சன்னலை அடைத்துச் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டால், மற்றவர்கள் குளிக்க மத்தியானமாகிவிடும். கறுப்பு வெள்ளைப் படங்களை அவரே பிரிண்ட் போடுவார். படம் நிலைத்து நிற்க ஹைப்போ கரைசலில் ஊறவைத்து, பிறகு அந்த ஹைப்போ துளியும் மிஞ்சாதபடி தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். மிஞ்சினால் நாளடைவில் படம் பழுப்பேறிவிடும். வீட்டில் சண்டையெல்லாம் அந்தத் தண்ணீருக்குத்தான்.

"குடிக்கத் தண்ணி இல்லாம தெருவே பேஜாராவுது. நீங்க காயிதத்தைக் குளிப்பாட்டிக்கினு இருக்கீங்க" என்று மாமியார் கத்துவார். அவரை நான் அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும்தான் கூப்பிடுவேன்.

அத்தை எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். இளவயதிலேயே கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் படர்ந்துவிட்டன. கேமராவைக் கண்டால் அடுப்படிக்குப் போய்விடுவார். எங்கள் கல்யாண ஆல்பத்திலும் அவர் இல்லை. மாமா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. ஓரளவு தேறியதும் இடது கையை நம்பி இருட்டறைக்குள் போனார். சிறிது நேரத்தில் உள்ளே ஏதோ உருளும் சத்தம். அத்தை போர்வையை விலக்கிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நான். தண்ணீர் வாளி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில், ஹைப்போவிலிருந்து எடுத்த ஈரத்தோடு ஒரு படம். மொட்டைமாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்தபடி வாய்விட்டுச் சிரிக்கும் அத்தை. வெண்புள்ளிகளோடு.

"எப்ப எடுத்தீங்க?" என்றார் அத்தை.

"கை நல்லா இருந்தப்ப. உன்னக் கேக்காம எடுத்தது தப்புதான். வேணாம்னா கிழிச்சிடு." மாமா நிமிரவில்லை.

கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். அத்தை வெளியே போய், சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் தூக்கிவந்து தட்டில் சாய்த்தார்.

"நல்லா அலசுங்க. இன்னொரு கொடம் கீது."

அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகத்தான் அந்தப் போர்வைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் படத்தைத் திருப்ப, ஒருவர் தண்ணீர் ஊற்றுவார். சண்டை நிற்கவில்லை, ஆனால் நடுநடுவே சிரிப்பும் கேட்டது.

மாமா இப்போது இல்லை. அத்தை விழுப்புரத்தில் எங்களோடு இருக்கிறார். போன மாதம் என் மகளின் நிச்சயதார்த்தத்தில் குடும்பப் படத்துக்கு யாரும் கூப்பிடாமலே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். படமெடுத்த இளைஞர் குனிந்து, "பாட்டி, மொகத்துல அந்த வெள்ளையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துடறேன்" என்றார்.

"ஒண்ணையும் எடுக்காத தம்பி" என்றார் அத்தை, புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "எங்க வூட்டுக்காரரு என்னை இப்பிடித்தான் பார்த்தாரு."