வாசலில் கட்டிய வேப்பிலை

என் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு கட்டியது எந்த மருத்துவரும் அல்ல, நான்தான்.

காய்ச்சல் அடித்தது. கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. வாய்க்குள் புண். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மலேசியாவின் அலோர் காஜாவில் எங்கள் வீட்டு வாசலில் அன்றைக்கே வேப்பிலை கட்டினேன். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது, மருந்தும் கிடையாது. குருபோங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள், எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கவாவது கிளினிக் போக வேண்டும் என்றாள்.

"ஆத்தா வந்திருக்கா. இந்த வீட்ல இப்ப மருந்துப் பேச்சே கூடாது," என்று வாயை அடைத்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை. உள்ளுக்குள் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும் என்றேன். ஒன்பதாம் நாள் காலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. விரல் மூட்டெல்லாம் வலித்ததில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

கிளினிக்கில் இருந்த இளம் மலாய் டாக்டர் முதலில் முகத்தைத்தான் பார்த்தார். சிவப்பு கன்னத்தில் பரவி மூக்குத்தண்டின் மேலும் ஏறியிருந்தது. மூக்கோரத்து மடிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. வெயிலில் போனால் கூடுகிறதா, முடி கொட்டுகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மகள் ஆமாம் என்றாள். எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சோதித்ததில் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது; அப்படிப் போனால் சிறுநீர் நுரைக்குமாம். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து, லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயாம். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றும் சொன்னார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. கல்யாண வீடொன்றில் ஓர் உறவுக்கார அத்தை, "பொண்ணு நல்லா பூசின மாதிரி இருக்கா லா. எதுக்கு இன்னும் மாத்திரை?" என்றார்.

"அது மருந்து வீக்கம், அத்த. திடீர்னு நிறுத்தினா ஆபத்து. நீங்களும் டாக்டர் ஆகாதீங்க, ஒருத்தி ஆனதே போதும்," என்றேன்.

மாத்திரையின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சிறுநீரகம் தாக்குப்பிடித்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில், சிறுநீர்ச் சோதனைக்கான குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது மகள் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்ப மூணாம் நாளே ஒண்ணுக்கு நுரை நுரையா போச்சும்மா."

"ஏண்டி சொல்லல?"

"மருந்துப் பேச்சே கூடாதுன்னியே."

எனக்கு ஆத்திரம் வந்தது. திட்டுவதற்கு என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை.

இப்போது தினமும் காலையில் விளக்கேற்றும் முன்பே கேட்கிறேன்: "நுரை இருக்காடி?" சாமியறை வாசலில் நின்று, சத்தமாகத்தான் கேட்கிறேன். ஆத்தா காதிலும் விழட்டும்.