வெயிலில் வெளுக்கும் கேமரா

மகள் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூப்பிடுவாள். அன்று செவ்வாய்க்கிழமை. திண்டிவனம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு தவிர வேறு நாளில் அவளிடமிருந்து போன் வந்தால் சோற்றுக் கையோடேயே எடுத்துவிடுவேன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பிடித்த பழக்கம் அது.

"அப்பா, நம்ம வீட்டுல பழைய டிஜிட்டல் கேமரா ஒண்ணு இருந்துச்சே, இருக்கா?"

"இருக்கே."

"வேலை செய்யுதா?"

பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த அதை நான் தொட்டே பல காலம் ஆகியிருந்தது. "சூப்பரா வேலை செய்யுது," என்றேன்.

"இப்ப எங்க ஆபீஸ்ல எல்லாரும் அந்த மாதிரி கேமராவத்தாம்பா தேடிக்கினு இருக்காங்க. செல்லுல வராத ஒரு கலரு அதுல வருதாம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கினு போறேன்."

கலராவது மண்ணாவது. எனக்குக் காதில் விழுந்தது சனிக்கிழமை வருகிறாள் என்பது மட்டும்தான். அவள் அம்மாவின் வருஷ திதிக்கு வந்தவள், அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. வேலை அப்படி. ஆனால் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

கேமராவைச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. லென்ஸ் குழல் சர்ரென்று வெளியே நீண்டது. மொட்டை மாடிக்குப் போய், பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, படம் எடுத்தேன். படம் முழுக்க வெள்ளை, குறுக்கே மங்கலாக நாலு கோடு. தண்ணீர்த் தொட்டியை எடுத்தேன். அதுவும் வெள்ளை.

கெட்டுவிட்டது என்று சொன்னால் மகள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "சரி விடுப்பா" என்பாள். சனிக்கிழமையும் அதோடு போய்விடும்.

மறுநாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். ரயிலடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. உள்ளே கல்யாண ஆல்பத்துக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தவர், கேமராவைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

"இதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல சார். உள்ள பூஞ்சை புடிச்சிருக்கும். பேசாம செல்லுலயே எடுத்துக்கினு போங்க."

சுவிட்சைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. நான் மின்சார லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சப்ளை இருக்கிறதா என்று பார்க்காமலே ஃபால்ட் சொல்கிற ஆளை நான் கம்பத்தில் ஏற விட்டதில்லை. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாமே பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

லைனில் ஃபால்ட் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. எதுவரைக்கும் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், கெட்ட இடம் தானாகக் கண்ணில் படும். கேமராவையும் அப்படியே பிடித்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. பின்னால் உள்ள திரையில் தெரு பளிச்சென்று தெரிந்தது. ஆக, படத்தை வாங்கும் பகுதிக்குக் கேடில்லை. வீடியோ எடுத்தேன், அதுவும் குறையில்லை. சமையலறை இருட்டில் எடுத்த புகைப்படம்கூட ஓரளவு வந்தது. வெயிலில் எடுக்கிற புகைப்படம் மட்டும்தான் வெளுத்தது.

அப்படியென்றால் கோளாறு ஷட்டரில். படம் பதிந்த மறுகணம் அந்தக் குட்டிக் கதவு மூடி வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். மூடாவிட்டால், எடுத்த படத்தின் மேலேயே வெயில் கொட்டிக்கொண்டிருக்கும். வீடியோவுக்கு அந்தக் கதவு தேவையில்லை, அதனால் அது தப்பித்தது.

ஊகம் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பட்டனை அமுக்கும்போது லென்ஸுக்குள் உற்றுப் பார்த்தால் கதவு அசைவது தெரியும். அங்கேதான் சிக்கல். கேமராவைப் பிடித்து அமுக்க ஒரு கை, டார்ச்சுக்கு ஒரு கை, பூதக்கண்ணாடிக்கு ஒரு கை. கம்பத்தில் ஒருவன் ஏறினால் கீழே ஒருவன் நின்றே ஆக வேண்டும் என்பது எங்கள் வேலையில் சட்டம். வீட்டில் அந்தக் கீழே நிற்கிற ஆள் என் மனைவிதான். "இதைக் கொஞ்சம் அமுக்கு" என்று கூப்பிட்டால், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து அமுக்குவாள்.

பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாம். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். மகள் வருகிறாள் என்று சொல்ல வேண்டும். வராமல் போனால் அதையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கேமராவிலேயே வழி இருந்தது, டைமர். அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். கேப்பை மாவு டப்பாவின் மேல் கேமராவை வைத்து, முட்டி போட்டு, டார்ச்சை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன். ஃப்ளாஷை அணைக்க மறந்திருந்தேன். முகத்தில் இடி விழுந்தாற்போல அடித்தது. சற்று நேரம் வீடே பச்சையாகத் தெரிந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு, ஃப்ளாஷை அணைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

இந்தத் தடவை பார்த்துவிட்டேன். கறுப்புத் தகடு பாதி தூரம் வந்து, திக்கி, நின்றுபோனது. விளிம்பில் காவி நிறத்தில் ஏதோ பொடி. முதலில் துரு என்று நினைத்தேன். பிளாஸ்டிக்கில் ஏது துரு? லென்ஸ் குழலைச் சுற்றிலும் டார்ச் அடித்தேன். இடுக்கில் அதே பொடி. அதன் நடுவே சிவப்பாக ஒரு துணுக்கு.

சந்தனம். சிவப்பு, குங்குமம்.

அவள் இருந்த கடைசி ஆயுத பூஜை. என் கட்டிங் பிளேயர், டெஸ்டர், மிக்ஸி, சைக்கிள் பம்பு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், கேமராவை எடுத்து சுவிட்சைப் போட்டாள். லென்ஸ் நீண்டது.

"அத்த ஏன் போடற?" என்றேன்.

"மூடி வெச்சா சாமிக்கு எப்பிடித் தெரியும், இது கேமரான்னு?"

"லென்ஸுல கின்ஸுல வெச்சித் தொலைக்காத."

"கண்ணுலயா வெச்சேன்? ஓரத்துலதான வெச்சிக்கினு இருக்கேன்," என்று நீண்ட குழலைச் சுற்றி மூன்று பொட்டு வைத்தாள். பூஜை முடிந்து அணைத்தபோது, குழல் பொட்டோடு உள்ளே போயிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் கேமராவை யார் தேடினார்கள்?

டப்பாவின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஒரு ரப்பர் ஊதியை வாங்கி வந்தேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டித் தட்டி, இடுக்குகளில் காற்றடித்தேன். கீழே விரித்திருந்த பேப்பரில் ஒரு சிட்டிகைகூடத் தேறாத அளவுக்குப் பொடி விழுந்தது. அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஃபேனை நிறுத்த மறந்திருந்தேன். நான் நிமிர்வதற்குள் பறந்துபோய்விட்டது.

மாடிக்கு ஓடினேன். மல்லாட்டை மல்லாட்டையாக வந்தது. வானம் நீலமாக வந்தது.

சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அப்பா, நாளைக்கு வர முடியல. ஆபீஸ்ல ஒரே பேஜாரு. கேமராவ கூரியர்ல போட்டுடேன்."

சரியாகிவிட்ட கேமராவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அப்புறம், "அதுல ஷட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா," என்றேன். "செக் பண்ண ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் அமுக்கணும், ஒருத்தர் உள்ள பாக்கணும். நீ வந்தீன்னா..."

"அதுக்கு எதுக்குப்பா வரணும்? இப்பவே ஜல்தியா ஒரு போட்டோ எடு. நான் லைன்லயே இருக்கேன். எப்பிடி வந்திருக்குன்னு சொல்லு, போதும்."

கேமராவை மாவு டப்பாவின் மேல் வைத்து டைமரைப் போட்டேன். எதிரே உட்கார்ந்து, போனைக் கேமராவுக்குக் காட்டியபடி கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "சிரிப்பா," என்றாள் மகள். சிரித்தேன். கேமரா கிளிக் என்றது.

படத்தைப் பார்த்தேன். என் முகம் நரை மயிர் வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்தில் போன். அதன் திரையில், மகள் இருந்த இடத்தில், வெறும் வெள்ளை வெளிச்சம். அது ஷட்டர் கோளாறு இல்லை. மங்கலான அறையில் எடுத்தால் போன் திரை அப்படித்தான் விழும்.

"எப்பிடிப்பா வந்திருக்கு?"

"ரெண்டு பேரும் நல்லா வந்திருக்கோம்மா," என்றேன்.