ஓதச் சுவரும் என் மகளின் குளியலும்

அடுப்படிச் சுவர் கெட்டதற்கு என் எட்டு மாதக் குழந்தைதான் காரணம் என்று வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சொன்னபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. எழுபதுகளில் மரக்காணத்தில் டீச்சர் வேலை கிடைத்துப் போயிருந்தேன். கணவருக்குத் திண்டிவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான்.

அடுப்படிச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. தொட்டால் பூச்சு பொலபொலவென்று உதிரும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தை மாதம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். உப்பளம் வைத்திருந்தவர், ஊரில் யாரும் அவரை எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

"டீச்சரம்மா, உள்ளயே கொழந்தய குளிப்பாட்டறீங்க. அந்தத் தண்ணி எறங்கித்தான் செவுரு போச்சு. இனிமே வெளியில வச்சு ஊத்துங்க. செவுத்த நீங்களே பூசிக் குடுத்துடுங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க."

கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு வேறு வீடு யார் தருவார்கள்? வாயை மூடிக்கொண்டு கொல்லையில் குளிப்பாட்டினேன். கடற்காற்று சும்மா விடுமா? நாலாம் நாளே சளி பிடித்தது. அப்புறம் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு கர்கரென்றது. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது கொடுமை. காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் என்னைத்தான் திட்டினார். அப்புறம் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டே தேற்றினேன்.

ஒரு மாதமாக அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. சுவரோ முன்னைவிட நன்றாகப் பூத்திருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். வீட்டையும் விடப் போவதில்லை, பழியையும் ஏற்கப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை சுவரைச் சுரண்டி, உதிர்ந்த பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து உப்பளத்துக்கே போனேன். ஆட்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். உப்புக்காரர் கையில் உப்பைக் கொடுத்தால் என்ன செய்வார்? விரலால் நசுக்கி நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"இது நம்ம சரக்கு இல்லீங்க. கரகரன்னு கடல் மணலு கலந்திருக்குது. எவன் குடுத்தான்?"

"உங்க செவுத்துல சுரண்டினது. நான் பாப்பாவுக்கு ஊத்தினது நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணி. அதுல ஏதுங்க உப்பு? ஏதுங்க கடல் மணல்?"

அவர் பதில் சொல்வதற்குள் பாத்தியிலிருந்த ஆள் ஒருவர் நிமிர்ந்தார். "வீடு கட்டசொல்லோ கடக்கரை மணலத்தானே மொதலாளி வண்டில அடிச்சோம்? கொழைச்சதுகூட நம்ம அளத்துத் தண்ணியிலதானே?" என்றார், உதவி செய்கிற நினைப்பில்.

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "சரி, சரி. அடுத்த வாரம் கொத்தனார அனுப்பறேன். எல்லாத்தயும் கொத்திட்டு நல்ல மணல்ல பூசித் தரேன், போங்க" என்றார்.

நான் நகரவில்லை. "பூசறது இருக்கட்டும். கொழந்தயால கெட்டுச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

ஆட்கள் வாருவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார்.

"உம்மேல தப்பு இல்லடி கண்ணு" என்றார்.

என்னிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பரவாயில்லை. அன்று சாயங்காலமே வெந்நீர் வைத்து, கதவைச் சாத்தி, அந்தச் சுவரை ஒட்டிக் காலை நீட்டி உட்கார்ந்து மகளைக் குளிப்பாட்டினேன்.