அட்டிகையின் பின்பக்கம்

பஞ்சாயத்தில் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டது. என் எழுத்தைப் படித்துச் சிரித்துப் பழகியவர்கள் நீங்கள்... இதில் சிரிக்க அதிகமில்லை.

குடவாசல் பக்கம் நான் பள்ளிக்கூட வாத்தியார். நகை பார்ப்பதில் நிபுணன் என்று ஊரில் ஒரு பெயர். எப்படி வந்தது? பழைய இலக்கியங்களில் வரும் அணிகலன்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அவ்வளவுதான்! எந்த நகையைக் கொடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பேன். கொக்கியை நகத்தால் நெம்பி, "ம்..." என்பேன். அந்த "ம்"முக்கு ஊரே கட்டுப்பட்டது.

நில உச்சவரம்பு வரும், குத்தகைக்காரனுக்கு உரிமை வரும் என்று மிராசுதார்கள் தூக்கம் கெட்டுக் கிடந்த காலம் அது. எங்கள் ஊர்க் குத்தகைக்காரன் கோவிந்தனின் பெயர் பதிவேட்டில் ஏறுவதற்குள் அவனுடைய மிராசுதார் முந்திக்கொண்டார். கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, அப்பன் காலத்திலிருந்து உழுத நிலத்தைவிட்டு அவனை விலக்கினார். அந்தப் பணம் அப்படியே மகள் செல்வியின் கல்யாணத்துக்கு அட்டிகையாக வேண்டும்.

"நெல்லுன்னா எது பதருன்னு சொல்லிப்புடுவேன் சார். தங்கத்தப் பாத்தா கண்ணுதான் கூசுது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

திருவாரூர்க் கடையில் எனக்கு மட்டும் நாற்காலி. காப்பி வேறு. "சாரே வந்துட்டாரு, இனிமே நாங்க என்னத்தப் பேசுறது!" என்றார் கடைக்காரர்.

அட்டிகையைத் திருப்பினேன். பற்றவைத்த ஓரத்தில் சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது. அரக்கு! உள்ளே குடைவான நகையில் அரக்கு அடைப்பது வழக்கம்தான், அது குற்றமில்லை. எடையில் அரக்கைக் கழித்தார்களா என்று கேட்க வேண்டும். ஒரே கேள்வி.

ஏன் கேட்கவில்லை? அது அரக்காக இல்லாமல் வெறும் அழுக்காக இருந்துவிட்டால்? கடைக்காரர் சிரித்துவிட்டால்? நாற்காலி போய்விடுமே!

"வேலைப்பாடு முதல் தரம்" என்றேன். கோவிந்தன் கையெடுத்துக் கும்பிட்டான்... என்னை.

மறு வருஷமே, பம்புசெட்டு வாங்குவதற்காக செல்வியின் மாமியார் அதை விற்கப் போனார். உருக்கியபோது பாதி அரக்காகப் பொங்கிப் புகைந்தது. பஞ்சாயத்துக் கூடியது.

"அரக்க அடைச்சு அனுப்பிட்டு ஆளப் பாரு, மீசைய வேற முறுக்கிக்கிட்டு!" என்றார் அந்த அம்மாள்.

கோவிந்தன் துள்ளி எழுந்தான். "சார் பாத்து வாங்குன நகை. அவரு கண்ணு தப்பாது. நீங்கதான் மாத்திப்புட்டீங்க!"

கவனித்தீர்களா? என் மேல் வைத்த நம்பிக்கையில் அவன் சம்பந்தியம்மாளைத் திருடி ஆக்கினான். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

"நீங்க சொல்லுங்க சார். அன்னிக்குப் பாத்தீங்கல்ல?" என்றான் கோவிந்தன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... அரக்கைக் கண்டேன், கேட்கவில்லை என்று.

"நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

திருட்டுப் பட்டம் கட்டியவன் வீட்டுப் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் எழுந்து போனார்கள். வயிற்றில் பிள்ளையோடு செல்வி தகப்பன் வீட்டில் தங்கிவிட்டாள்.

கோவிந்தன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்: "சார் ஒருத்தராவது நம்ம பக்கம் நின்னாரு." இதைவிடக் கொடிய வசவு தமிழில் உண்டா? நான் வாசித்த வரையில் இல்லை.

அவன் உழுத அதே நிலத்தில் செல்வி இன்று கூலிக்கு நாற்று நடுகிறாள். போன வாரம் என் சைக்கிளைப் பார்த்ததும் சேற்றைவிட்டுக் கரையேறி வந்தாள்.

"புள்ளைக்குக் காது குத்தணும் சார். கூலியில சேத்து வச்சிருக்கேன். கடைக்காரங்கள நம்ப முடியாதுங்க. நீங்க கூட வந்து பாத்துச் சொல்லணும்."

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சேற்றுக் கையைப் புடவையில் படாமல் விலக்கிப் பிடித்தபடி, பதிலுக்காக என் முகத்தையே பார்த்து நின்றாள்.

"வர்றேம்மா" என்றேன்.