உள்ளே தெரியாத டப்பா

எங்கள் மாடி வீட்டு இராமச்சந்திரன் அண்ணா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நாகலக்ஷ்மி அக்கா பகவானிடம் போய்ச் சேர்ந்த பிறகு மாடியில் அவர் ஒருவர்தான். ஒரே மகள் அக்ஷதா புனேயில் இருக்கிறாள்.

காரியம் முடிந்து கிளம்பும்போது, அப்பா எதையும் தேடக்கூடாது என்று கண்ணாடி ஜாடிகள் வாங்கி, பருப்பு, ரவை, அவல் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். நல்ல மனசுதான். ஆனால் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அலமாரியைக் காட்டச் சொன்னாள்.

"பருப்பு போன மாசம் நின்ன எடத்துலயே நிக்குதேப்பா. சமைக்கலேன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க."

அண்ணாவுக்குப் போக மனமில்லை. அங்கே மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பகலெல்லாம் சுவரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே பிள்ளையார் கோயிலில் நாலு பேராவது சௌக்கியமா என்று கேட்கிறார்கள். காலையில் அந்தக் கோயில் பிரசாதம், ராத்திரி பேக்கரி பன். அதுதான் அவர் சாப்பாடு.

அப்புறம் எனக்கு டம்ளர் டம்ளராகப் பருப்பு வந்தது.

"சும்மா கெடக்கு வடிவும்மா, எடுத்துக்கோ."

ஜாடி இறங்கியது. மகள் சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு மடங்கு அனுப்பிவிட்டாள்!

அப்போதுதான் என்னையும் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனார். கடைக்காரர் தொட்டையன் மூடியில் கண்ணாடி வைத்த டப்பாவை எடுத்துப் போட்டார்.

"வேண்டாம்பா. உள்ள இருக்கறது தெரியக்கூடாது."

"ஊரே தெரியணும்னு கேக்குது சுவாமி. தங்கமா வைக்கப் போறீங்க?"

"துவரம்பருப்பு. மூடி இறுக்கமா இருக்கணும். ரொம்ப நாள் கெடக்கும்."

கடைக்காரர் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. எவர்சில்வர் டப்பாக்களாகப் பார்த்து வாங்கினார்.

சாயங்காலம் நான் அதையெல்லாம் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்ஷதா வீடியோவில் கூப்பிட்டாள்.

"கண்ணாடி ஜாடி எங்கப்பா?"

"கை தவறினா ஒடஞ்சிடும்மா."

"பருப்பு டப்பாவைத் திறங்க."

கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். விளிம்பு வரை இருந்தது. அதற்கு மேல் அவருக்குப் பொய் வரவில்லை.

"ஒரு ஆளுக்குன்னு அடுப்பு பத்தவைக்க கை வரலம்மா."

"சனிக்கிழமை வரேன்பா. வந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று அக்ஷதா போனை வைத்துவிட்டாள்.

அண்ணா திறந்த டப்பாவையே பார்த்தபடி நின்றார்.

"இனிமே உனக்குக் கெடையாது வடிவும்மா" என்றார். "தண்ணி எவ்வளவு விடணும்?"

சொன்னேன். பருப்பு வெந்ததும் எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினார். உப்புப் போட மறந்திருந்தார். அடுப்படியில் நின்றபடியே தன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். நானும் என் பங்கை அப்படியே சாப்பிட்டு முடித்தேன். கீழே வந்து விளக்கேற்றி, அவரை இங்கேயே விட்டு வை பிள்ளையாரப்பா என்று வேண்டிக்கொண்டேன்.